உறுதி எழுதுமுன் உற்று நோக்குக!

நிலம் நமது உரிமை என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கத்திற் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அந்நிலத்தில் ஒரு வீடு வாங்கப் புகும் தமிழ் மகன், தன் வாழ்நாள் உழைப்பை எல்லாம் கொட்டிக் கொடுத்து எத்தகைய பத்திரத்தைப் பெற்றுக்கொள்கின்றான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். விதைநெல் வாங்குவோன் கையில் அள்ளி ஊதிப் பார்க்கின்றான். வன்னிப் பெருநிலத்தில் வீடு வாங்குவோனோ, தரகர் காட்டிய நொத்தாரிசிடம் சென்று, காட்டிய இடத்திற் கையொப்பமிட்டு மீளுகின்றான். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

சட்டம் கூறுவது யாது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லாது. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இவ்விதி பொருந்தும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, "முற்பணம் பெற்றேன், மிகுதி தந்ததும் உறுதி எழுதித் தருவேன்" என்று வாங்கும் எழுத்தைக் காட்டி, காணியைத் தருமாறு நீதிமன்றத்திற் கேட்க இயலாது. ஆகவே சட்டத்தரணியை நாடவேண்டிய வேளை உறுதி எழுதும் நாள் அன்று. முற்பணம் கைமாறுவதற்கு முந்திய நாளே ஆகும்.

யாரை நாடுவது? முன்னாளில் அப்புக்காத்து, பிரக்கிராசி என இரு வகுப்பினராய் இருந்த வழக்கறிஞர்கள் 1974 தொடக்கம் சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பினராயினர். ஆனால் சட்டத்தரணிகள் யாவரும் நொத்தாரிசுகள் அல்லர். நொத்தாரிசுக்கு இன்ன நீதிப் பிரதேசத்தில், இன்ன மொழியில் என வரையறுத்து அதிகாரம் அளிக்கப்படுகின்றது. அதனைக் கேட்டறிதல் வாங்குவோரின் உரிமை. அவரினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: அவர் யாருடைய மனிதர்? விற்பவர் கொண்டுவந்த நொத்தாரிசு விற்பவரின் நலனையே முதலில் நோக்குவார். தரகர் கொண்டுவந்தவரோ, உறுதி விரைவில் முடிவதையே விரும்புவார். பணம் கொடுப்பவர் வாங்குபவர். எனவே சட்டத்தரணியைத் தெரிபவரும் அவராகவே இருத்தல் வேண்டும்.

நொத்தாரிசின் முத்திரை விழுந்துவிட்டால் உரித்துச் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். இது பெரும் பிழை. கையொப்பமிட்டவர் இன்னார், இன்ன நாளில் இட்டார் என்பதற்கே அம்முத்திரை சான்று. அவருக்குக் காணி சொந்தமா என்பதற்கு அது சான்றாகாது. உறுதி வரையுமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்க்கும் கடமையை நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதித்திருக்கின்றது. ஆனால் "தேடுதல் வேண்டாம்" என்று தரப்பார் கூறிவிட்டால் அக்கடமை தளர்ந்துவிடுகின்றது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இச்சொல்லைச் சொல்லி, பின்னர் வழக்கு மன்றத்தின் படிகளில் ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பது அறிவுடைமையாகுமா?

வன்னியில் இக்கேள்வி ஏனைய இடங்களினும் கூர்மையானது. இங்கே உறுதிக் காணி உண்டு. பெர்மிட் காணியும் உண்டு. இரணைமடுவின் கீழும், வட்டக்கச்சி, இராமநாதபுரம், முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய குடியேற்றங்களிலும் கமக்காரர் பெற்ற காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. இக்காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. அச்சட்டத்திற்கு முரணான பத்திரத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தலாகாது என்றும், அத்தாட்சிப்படுத்தினும் அது வெற்றுத் தாளே என்றும் அதன் 162 ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. கல்வீடு கட்டி, கிணறு வெட்டி, தென்னை வைத்த வளவாயினும் விதி ஒன்றே. உறுதிக் காணியின் விலையைப் பெர்மிட் காணிக்குக் கொடுத்து ஏமாறுவோர்க்கு, "இது எவ்வகைக் காணி?" என்று பிரதேச செயலகத்தில் முதல் நாளே விசாரித்திருக்கக்கூடிய சட்டத்தரணி ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு இடர் நீங்கியிருக்கும்!

உறுதிக் காணியாயினும் ஆராயவேண்டியவை பல. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முந்திய உறுதிகள் அதனை யாழ்ப்பாண மாவட்டம் என்றே குறிக்கும். ஆகவே பழைய ஏடுகளைத் தேட அறிந்தவரே தேவை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதற்கு, 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இவ்விதி நியாயமானதன்று என்பது நமது கருத்து. ஆனால் விதி இருக்கும்வரை அதனைக் கவனியாத உறுதி பழுதுள்ள உறுதியே. கணவன் காணாமலாக்கப்பட்ட சகோதரிகள் இதனால் தவிக்கின்றனர். அவர்களிடமிருந்து வாங்குவோர், மாவட்ட நீதிமன்றத்தின் சம்மதத்தைப் பெறும் வழியை அறிந்த சட்டத்தரணியை நாடவேண்டும். 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அளிக்கும் முன்னுரிமையையும் மறத்தலாகாது.

பரதேசம் சென்றோரின் வீடுகள் அற்றோர்னித் தத்துவத்தின் மூலம் விற்கப்படுகின்றன. தத்துவம் அளித்தவர் இறந்தால் தத்துவமும் உடன் இறந்துபோகும். அவர் உயிரோடு இருக்கின்றாரா, தத்துவத்தை இரத்துச் செய்தாரா என்று கேளாமல் வாங்கப்படும் வீடு பிறருடைய வீடே. இடம்பெயர்ந்தோரின் வளவிற் குடியேறி, "பத்தாண்டு ஆண்டுவிட்டேன்" என்று விற்க முன்வருவோரும் உளர். போரினால் வழக்குத் தொடர இயலாது போனோர்க்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கருத்திற்கொண்டு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளித்தது. இத்தகைய வரலாறு உள்ள வளவை ஆராயாது வாங்குவது அறமும் அன்று, அறிவும் அன்று.

உறுதி எழுதிய பின்னும் கடமை முடிந்ததில்லை. உறுதியின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15 ஆந் தேதிக்குள் காணிப் பதிவாளரைச் சென்றடையவேண்டும். பதியாத உறுதிக்குப் பின்னே இன்னொருவர் விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துகொண்டால், மோசடி இல்லாதவிடத்து அவர் பக்கமே சட்டம் சாயும். எனவே பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உறுதியில் விலையைக் குறைத்து எழுத இணங்காதீர்கள். நாளை உரித்துப் பழுதானால், எழுதிய தொகைக்கு மேற் கொடுத்ததை மெய்ப்பிப்பது அரிது.

"இத்தனையும் செய்யச் செலவாகுமே" என்பர் சிலர். ஆகும். ஆயினும் 2009 இல் வெறுங்கையராய் முகாம்களுக்கு வந்த நம் மக்களில், உறுதி தொலைந்தும் உரிமை தொலையாதவர் யாவர்? முறைப்படி எழுதிப் பதிந்தவர்களே. மூலப்பிரதி அழிந்தாலும், ஒரு பிரதி நொத்தாரிசிடமும் மற்றொன்று பதிவகத்திலும் இருந்தமையால், பிரதிகள் தப்பிய இடங்களில் அவர்கள் மீண்டும் எழ முடிந்தது. வெள்ளைத் தாளை நம்பியவர்க்கு அத்தாளோடு அனைத்தும் போயிற்று.

2025 மார்ச் 28 இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு பணித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காணிகளும் அதில் அடங்கின. அவ்வாண்டு ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தமையால் ஆபத்து தடுக்கப்பட்டது. அம்மூன்று மாதத்துள் கையிற் காட்டப் பத்திரம் இல்லாதோர் பட்ட மனவேதனையை நாடறியும். தடையுத்தரவு காலத்தைத் தரும். காணிக்கு உரித்தைத் தாராது. அதனைத் தருவது செவ்வையாக எழுதப்பட்ட உறுதியே.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. வடக்கின் சட்டத்தரணிகளே, மாதம் ஒரு நாளேனும் கிராமங்களுக்குச் சென்று, ஏழைக் கமக்காரரின் பத்திரங்களைக் கட்டணமின்றிப் பார்த்துக் கூறுங்கள். அரசியற் கட்சியினரே, காணியுரிமைக் கூட்டங்களோடு உறுதி பார்க்கும் கூடங்களையும் கிராமந்தோறும் நடத்துங்கள். வீடு வாங்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது: முற்பணம் கொடுக்குமுன் உங்களுக்கென ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொள்ளுங்கள்; காணி எவ்வகையது என்று அவர் எழுத்தில் தரும்வரை பணப்பையை அவிழாதீர்கள்.