எல்லோருக்கும் மின்சாரம்: பங்களாதேஷ் தரும் பாடம்

நம் வீட்டில் அரை மணி நேரம் கரண்ட் போனாலே பொறுமை இழந்து விடுகிறோம். ஆனால் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் மின்சாரமே இல்லாமல் வாழ்கிறார்கள்.

2025 ஜனவரியில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் இதற்காக ஒரு மாநாடு நடந்தது. 2030க்குள் 30 கோடி பேருக்கு மின்சாரம் கொடுப்பது உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் முன்னெடுக்கும் திட்டத்தின் இலக்கு. நைஜீரியா, நைஜர், செனகல், மவுரித்தானியா, சாட் உட்பட 12 நாடுகள் தங்கள் திட்டங்களை அங்கே முன்வைத்தன. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் பணம் மட்டும் வந்தால் போதுமா?

இதற்குப் பதில் பங்களாதேஷின் அனுபவத்தில் இருக்கிறது. 1977இல் அங்கே கிராமப்புற மின்மயமாக்கலுக்கென்றே தனி வாரியம் அமைக்கப்பட்டது. அதன் கீழ் கிராம மின் சங்கங்கள் உருவாகி, ஊர் ஊராக மின்கம்பி சென்றது. கம்பி எட்டாத ஊர்களுக்காக 2003இல் வீட்டுச் சூரிய மின்சாரத் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் தவணை முறையில் வாங்கிய கருவிகள் 40 லட்சத்தைத் தாண்டின. உலகமே பாராட்டியது.

பிறகுதான் சிக்கல் வந்தது. எந்த ஊருக்கு எப்போது மின்கம்பி வரும் என்பதைச் சூரிய மின்சாரத் திட்டத்தோடு சேர்த்துத் திட்டமிடவில்லை. எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கம்பி வந்தது. போதாக்குறைக்கு, அரசின் வேறொரு திட்டம் அதே கருவிகளை இலவசமாகக் கொடுத்தது. தவணை கட்டியவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். கடன் வசூலாகாமல் நின்றது. கருவி விற்பனையும் சரிந்தது.

2022 மார்ச்சில் நாடு முழுவதும் மின்சாரம் எட்டிவிட்டதாக பங்களாதேஷ் அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில், எரிபொருள் விலையேற்றத்தால் முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. இயங்காமல் நின்ற மின்நிலையங்களுக்கும் ஒப்பந்தப்படி பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பி வந்தது, அதில் மின்சாரம் வருவதுதான் நிச்சயமில்லாமல் போனது.

ஆப்பிரிக்க நாடுகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். எந்த ஊருக்கு மின்கம்பி, எந்த ஊருக்குச் சிறு மின்நிலையம், எந்த வீட்டுக்குச் சூரியத் தகடு என்பதை ஒரே வரைபடத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும். நைஜீரியா இதில் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. அனுமதி பெற்ற சிறு மின்நிலையம் உள்ள ஊருக்குப் பிறகு பெரிய மின்கம்பி வந்தால், அதை நடத்துபவருக்கு இழப்பீடு கொடுக்க அங்கே விதி இருக்கிறது. பிறகு என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் முதலீடு செய்பவருக்குத் துணிவு வரும்.

இணைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. அந்த இணைப்பில் மாலையில் விளக்கு எரிகிறதா, கட்டணம் ஏழைக்குக் கட்டுப்படியாகிறதா என்பதே உண்மையான அளவுகோல். திட்டமிடாமல் செலவழித்தால், அந்த நஷ்டம் கடைசியில் தவணை கட்டும் ஏழையின் தலையில்தான் விழும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.