ருஜுவுக்கு முன் விலையா?

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்ஸன் வியாதியும், தசைகளை ஒவ்வொன்றாய்ச் செயலறச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயும் மனிதனை மெல்ல மெல்லக் கட்டிப் போடுபவை. பின்னது கண்டவரில் பெரும்பாலோர் சில வருஷங்களுக்கு மேல் ஜீவித்திருப்பதில்லை. இத்தகையோரிடம் சென்று, ஸ்டெம் ஸெல் சிகிச்சை பலிக்குமென்று ருஜுவாகும் வரை பொறுத்திருங்கள் என்று உபதேசிப்பது எளிதன்று. ஆகவேதான், மருந்துச் சட்டத்தின் நீண்ட பாதையை விட்டு, ஆஸ்பத்திரிகள் வாயிலாகவே இச்சிகிச்சைகளைக் கொண்டுவர வேண்டுமென்ற கோரிக்கை பல தேசங்களில் எழுந்துள்ளது. ஐரோப்பிய யூனியன் 2007-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே ஆஸ்பத்திரிகளுக்கென ஒரு விதிவிலக்கை ஏற்படுத்தியது. இக்கோரிக்கையை இகழ்ந்து தள்ளுவோருடன் நாம் சேரோம். ஆனால் இதுவரை கண்ட அனுபவம் யாது?

தென் கொரியா 2014-இல் நியூரோநாட்டா என்ற ஏ.எல்.எஸ். சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. இரண்டாம் கட்டச் சோதனையே அதற்கு ஆதாரம். மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2024-ஆம் வருஷக் கடைசியில்தான் வெளிவந்தது. பிரதான இலக்கு எட்டப்படவில்லை. இடையே கழிந்தவை பத்து வருஷங்கள்!

இஸ்ரேலில் தோன்றிய நியூரோன் சிகிச்சையின் கதை இன்னும் போதனை மிக்கது. 2019-இல் டெல் அவீவ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூலம், விதிவிலக்கு முறையில், 13 நோயாளிகளுக்கு அதை அளிக்க ஏற்பாடாயிற்று. மறுவருஷம் மூன்றாம் கட்ட முடிவு வந்தது. சிகிச்சை பெற்றோரில் சுமார் நூற்றுக்கு 33 பேருக்கு வியாதியின் வேகம் நிர்ணயித்த அளவு தணிந்தது. போலி மருந்து பெற்றோரில்? நூற்றுக்கு 28 பேருக்கு! இவ்வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடியதே. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் 17 பேர் எதிராகவும் ஒருவரே ஆதரவாகவும் வோட் செய்தனர். அடுத்த மாதம் கம்பெனி தன் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது.

அந்த 28 பேரை வாசகர்கள் சற்றே மனத்தில் இருத்த வேண்டும். சோதனையின்றி அவர்கள் ஒரு ஆஸ்பத்திரியில் பணம் கட்டி ஊசி போட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரும் மனப்பூர்வமாகச் சாட்சி சொல்லியிருப்பார். பொய்ச் சாட்சியன்று, ஆயினும் சாட்சியமாகாது. கோர்ட்டில் பழகிய நமக்கு இவ்வகைச் சாட்சிகள் புதியவர்களல்லர். குறுக்கு விசாரணையிலும் அசையமாட்டார்கள்! சிகிச்சை கடைச்சரக்கானபின், போலி மருந்து கிடைக்கக்கூடிய சோதனைக்கு எந்த நோயாளிதான் இசைவார்? விற்பனை முந்தினால் ருஜு பிந்துவது மட்டுமன்று, வராமலே போகலாம்.

ஜப்பானும் 2014 முதல் நிபந்தனை அனுமதி வழங்கும் தேசம். ஆனால் அங்கே கியோட்டோ சர்வகலாசாலை பார்க்கின்ஸன் நோயாளிகள் எழுவருக்கு ஸெல்களை மூளையில் செலுத்தியது, முறையான சோதனையாக. கடுமையான தீங்கு நேரவில்லையென்றும், பரிசீலித்த அறுவரில் நால்வருக்கு மருந்தில்லா வேளையிலும் அசைவுத் திறன் கூடிற்றென்றும் 2025 ஏப்ரலில் பிரசுரித்தது. ஏழு பேர் என்பது சொற்பமே. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் கூட்டமும் இல்லை. எனினும், கணக்கு பகிரங்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் தணிக்கை செய்யலாம்.

நம் தேசத்திலோ விதிக்குக் குறைவில்லை. ரத்த சம்பந்தமான நோய்களுக்குரிய ஸெல் மாற்றம் நீங்கலாக மற்றவை யாவும் சோதனையாகவே நடைபெற வேண்டும், வியாபாரமாக அன்று என்பது 2017-ஆம் வருஷத்துத் தேசிய வழிகாட்டி நெறி. ஆயினும் நரம்பு நோய்களுக்கு ஸ்டெம் ஸெல் என்று விளம்பரம் செய்யும் வைத்தியசாலைகளைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. மனைவியின் நகையும் வீட்டுப் பத்திரமும் எங்கே போகின்றன என்பதை ஈட்டுக் கடைக்காரர் அறிவார்.

ஆஸ்பத்திரிகளுக்கு வாசலை அடைக்குமாறு நாம் கேட்கவில்லை. சோதனை அங்கேதான் நடக்க வேண்டும். ஆனால் பலன் ருஜுவாகும் வரை செலவு கம்பெனியுடையதாகவோ சர்க்காருடையதாகவோ இருக்கட்டும். நோயாளியிடம் ஒரு காசும் வாங்கலாகாது. ஊசி பெற்ற ஒவ்வொருவரின் நிலையும், மோசமானவர், இறந்தவர் உட்பட, பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். இதற்கு இசையாத ஆஸ்பத்திரியின் லைசென்ஸை ரத்து செய்யச் சர்க்கார் தயங்குவானேன்?