இடுப்புக்கு ஒரு மோட்டார்

பெல்ட் என்பது பேன்ட் நழுவாமல் இருக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் எலும்பு கரையாமல் இருக்கவும் ஒரு பெல்ட் வந்துவிட்டது. பெயர் ஆஸ்டியோபூஸ்ட். உள்ளே குட்டி மோட்டார். தினம் அரை மணி கட்டிக்கொண்டால், சட்டைப் பையில் செல்போன் உறுமுகிற மாதிரி இடுப்பையும் முதுகெலும்பையும் லேசாக அதிர வைக்கும். மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பித்த பெண்களுக்கு மட்டும், அதுவும் டாக்டர் சீட்டோடு. 2024 ஜனவரியில் அந்த ஊர் எஃப்.டி.ஏ. அனுமதித்தது.

காரைக்குடி போயிருந்தபோது இதை அம்மாச்சியிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் வழுக்கி, இடுப்பு ஒடிந்து, உள்ளே கம்பி வைத்து நடப்பவர்.

"குலுக்குனா ஒடையத்தானேடா செய்யும்?"

நியாயமான சந்தேகம். ஆனால் எலும்பு தேக்குத் தூண் இல்லை, உயிருள்ள சரக்கு. பாரம் கொடுத்தால் கெட்டிப்படும், இல்லாவிட்டால் கரையும். டென்னிஸ்காரர்களுக்கு மட்டை பிடிக்கிற கை எலும்பு தடிமன். எடையே தெரியாத விண்வெளியில் இடுப்பெலும்பு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது. ரஷ்யர்கள் அதற்காகவே எலாஸ்டிக் வைத்துத் தைத்த 'பெங்குவின்' உடுப்பை மாட்டிவிட்டார்கள்; நிமிர்ந்தாலே எதிர்த்து இழுக்கும். 2001இல் ஆடுகளை தினம் 20 நிமிடம், ஒரு வருஷம் அதிர வைத்துப் பார்த்தார்கள். தொடையெலும்பின் பஞ்சுப் பகுதி 34 சதவீதம் கெட்டியானது.

"ஊருணித் தண்ணிய இடுப்புலதான்டா சொமந்தோம். எங்களுக்கு எவன் பெல்ட்டு கட்டுனான்?"

பிறகு ஏன் ஒடிந்தது என்று நான் கேட்கவில்லை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கட்டுவதைவிட இடிப்பது அதிகமாகிறது. குடமெல்லாம் அதற்கு முன்னால் போட்ட முதல். வட்டிக் கணக்கு தெரிந்த ஊர் ஆயிற்றே, சட்டென்று புரியும்: சுமார் முப்பது வயது வரை டெபாசிட், அப்புறம் செலவுதான். (காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து மாலை ஆறுக்கு எழுந்திருக்கும் இருபத்தாறு வயது ஆசாமி கவனிக்க. கவுன்ட்டர் இன்னும் மூடவில்லை.)

பெல்ட் மனுஷிகளிடம் ஆட்டுக்குச் செய்த மாயத்தைச் செய்யவில்லை. தேய்மானத்தை மெதுவாக்கியது, அவ்வளவே. முறிவைத் தடுக்கும் என்பதற்கு இன்னும் அத்தாட்சி இல்லை. எனக்கு அதை வாங்கும் ஆசையும் இல்லை.

ஆனால் பெற்றவருக்கு இடுப்பு ஒடிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல் என்கிறார்கள். அம்மாவுக்கு 57. டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம் என்றால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். சனிக்கிழமை அழைத்துப் போகிறேன். புடவைக் கடைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.