குடத்துக்குள் ஒரு குடியிருப்பு



தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சில வேளைகளில் வழுவழுப்பாக இருக்கும். "பாசி பிடித்துவிட்டது" என்போம். ஆனால் பச்சைப் பாசி வளர வெளிச்சம் வேண்டும். மூடிவைத்த குடத்தின் இருட்டில் படர்வது பெரும்பாலும் பற்றீரியாக்கள் கட்டிய குடியிருப்பே.

அவை ஏன் சுவரில் ஒட்டுகின்றன? தெளிந்த தண்ணீரில் அவற்றுக்கு உணவு மிகக் குறைவு. இருக்கும் சிறிதளவும் பாத்திரத்தின் சுவரில்தான் படிகிறது. உணவு இருக்கும் இடத்தில் அவையும் ஒட்டிக்கொள்கின்றன. போத்தலில் வைத்த கடல்நீரை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி குளோட் சோபெல் 1943இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உணவு குறைந்த நீரில் சுவர்கள் பற்றீரியாக்களுக்குப் பெருந்துணை என்று அவர் கண்டார்.

ஒட்டியபின் அவை ஒருவகைப் பசையைச் சுரந்து தம்மை மூடிக்கொள்கின்றன. கஞ்சி, பால், சீனி, கை அழுக்கு என்று உணவு கிடைக்கக் கிடைக்கப் பல வகைகளில் இந்தப் படை தடிக்கிறது. பல்லில் படியும் ஊத்தையும் இதே இனந்தான். அங்குள்ள சில பற்றீரியாக்கள் சீனியைக் கொண்டே பசை செய்கின்றன. உணவு தீர்ந்தால் சில கூட்டத்தை விட்டுப் பிரிந்து மீண்டும் தண்ணீரில் கலக்கின்றன.

எல்லாப் பற்றீரியாவும் நோய் தருவதில்லை. ஆனால் வயிற்றோட்டக் கிருமிகளும் இந்தப் படைக்குள் ஒளிந்திருக்கலாம். குளோரின் போட்டாலும் அதன் வீரியம் மேற்படையிலேயே செலவாகிவிடும். அடியில் உள்ளவை தப்பிவிடும். ஆகவே குளோரின் வேண்டும், அதற்கு முன் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

செய்யக்கூடியவை:

• பழைய தண்ணீரின்மேல் புதிய தண்ணீரை ஊற்றாதீர்கள். வெறுமையாக்கி, சவர்க்காரமும் தும்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காயவிடுங்கள்.

• கை நுழையாத கானுக்குள் சவர்க்காரத் தண்ணீரும் கழுவிய சிறு கற்களும் இட்டு நன்றாகக் குலுக்குங்கள். பிளாஸ்ரிக்கைக் கம்பித் தும்பால் தேய்க்க வேண்டாம். கீறல்கள் கிருமிக்கு மறைவிடமாகும்.

• மூடி வையுங்கள். கை படாமல், பிடியுள்ள அகப்பையால் அள்ளுங்கள்.

• பால் வைத்த பாத்திரத்தை விடியும்வரை விடாது உடனே கழுவுங்கள்.

• ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். சூப்பிப் போத்தல் தவிர்க்க முடியாதென்றால், பால் படிவு போகத் தேய்த்தபின் அவித்தெடுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் "தாய்க்குத் துப்புரவு போதாது" என்று சொல்லிவிடுவது எளிது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: குடிக்கவே போதாத இடத்தில் குடம் கழுவத் தண்ணீர் எங்கே? துப்புரவு மனத்தை மட்டும் பொறுத்ததல்ல. தண்ணீரின் அளவையும் பொறுத்தது. இன்றும் உங்கள் ஊருக்குத் தண்ணீர் பவுசரில் வருமானால், பாத்திரம் கழுவவும் சேர்த்தே தரும்படி மாதர் சங்கத்தின் மூலம் கேளுங்கள். அது சலுகையல்ல, உங்கள் உரிமை.

வீட்டில் குடம் தேய்க்கும் வேலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. ஆண்பிள்ளைகளின் கையிலும் ஒரு தும்பைக் கொடுங்கள்.