தேத்தண்ணியில் கைவைக்காதீர்கள்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், நாற்பத்தைந்து வயதுக்குள் வேலையை விடுவது எப்படி என்று ஒரு பேச்சு நடந்தது. இலவசம். பெயர் பதிந்திருந்த என் மகளுக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டதால் நான் போனேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் முப்பதைத் தாண்டாதவர்கள். மூன்றாவது ஸ்லைடில் ஒரு கிளாஸ் தே தாரேவும் ஒரு பருப்பு வடையும் வந்தன. "ஒரு நாளைக்கு 5 வெள்ளி. வருஷத்துக்கு 1,825. இதை 5 விழுக்காட்டுல 30 வருஷம் போட்டு வச்சா என்ன வரும் தெரியுமா?" அடுத்த ஸ்லைடில் 120,000 ரிங்கிட் என்று சிவப்பில் வந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 121,000 சொச்சம் வருகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் இத்தனை சரியான கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை தவறான புத்தியை எப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு வந்தபோது வி.எஸ்.எஸ். எடுத்துக்கொண்டு ஐம்பது வயதில் வெளியே வந்தவன். வீட்டுக் கடன் முடிந்திருந்தது. மனைவி இன்னும் வேலைக்குப் போகிறார். எனவே பயப்பட அவ்வளவு காரணம் இல்லை. ஆனாலும் பயந்தேன். கைப்பேசியில் செலவுக் கணக்குச் செயலி ஒன்றை இறக்கி, முதல் ஆண்டு முழுக்க ஒவ்வொரு காசையும் எழுதினேன். எழுத எழுதக் கண்ணில் உறுத்தியது சாயங்காலத் தேத்தண்ணிதான். ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கம் ஒரு கடையில் ஐந்தரை மணிக்கு எங்களில் ஆறு பேர் கூடுவோம். பதினைந்து வருடப் பழக்கம். முதலில் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தேன், பிறகு ஒரு நாள், பிறகு நின்றேபோனது. வீட்டிலேயே தே கலக்கிக் குடித்தேன். ஆண்டு முடிவில் செயலி 1,600 ரிங்கிட் மிச்சம் என்று காட்டியது. பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் மோனோரயில் நிலையத்துக்குக் கீழே அந்த மேசைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். எங்களில் மூத்தவர், ரயில்வேயில் இருந்த அண்ணன், நான்கு மாதமாக டயாலிசிஸில் இருக்கிறார் என்றார். வாரத்துக்கு மூன்று முறை. பிள்ளைகள் வெளியூர். மேசையில் மற்ற நான்கு பேரும் முறை வைத்துக் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார்கள். "உங்களக் கூப்பிடலாம்னுதான் இருந்தோம். நீங்கதான் வர்றதில்லையே, பிஸியா இருப்பீங்கன்னு விட்டுட்டோம்" என்றார்.

வேலை இல்லாதவன் பிஸி. 1,600 ரிங்கிட்டுக்கு நான் விற்றது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஒரு நல்ல சொல் கிடைத்திருக்கிறது. பெலாஞ்சா. மலாயில் செலவழிப்பதற்கும் அதே சொல், அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதற்கும் அதே சொல். "இன்னைக்கு நான் பெலாஞ்சா" என்று நாம் சொல்லும்போது கணக்கும் விருந்தும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. 'சின்னச் சின்னச் செலவுகளைக் குறையுங்கள்' என்பவர்கள் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களின் ஸ்லைடில் கிளாஸுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு கிளாஸ் இருப்பதில்லை. அதை யாரோ ஒருவர் தனியாகக் குடிக்கிறார், காசைக் கரைக்கிறார், அவ்வளவுதான். உண்மையில் ஓய்வுபெற்றவனின் பெரிய பயம் பசியில்லை. எப்போதும் அடுத்தவர் வாங்கிக் கொடுப்பதைக் குடிப்பவனாகிவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயத்தில்தான் பலர் மேசையை விட்டு எழுந்து போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், வசதி இருந்தும்.

இந்தச் சரக்கு நம்முடையது அல்ல. டேவிட் பாக் என்ற அமெரிக்கர் இதற்கு 'லாட்டே ஃபேக்டர்' என்று பெயர் வைத்துப் புத்தகங்கள் விற்றார். காலைக் காப்பியை விட்டால் கோடீஸ்வரன். ஹெலேன் ஓலன் என்ற பத்திரிகையாளர் 2012-ல் 'பவுண்ட் ஃபூலிஷ்' நூலில் இதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அமெரிக்கக் குடும்பங்களை நெரித்தது காப்பி அல்ல. வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் விலையும் ஏறாத சம்பளமும்தான் என்றார். அங்கே அடிபட்ட சரக்கு, காப்பியைத் தே தாரே ஆக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் ஒரு கார் வாங்கினேன். கடன் 80,000 ரிங்கிட், 9 ஆண்டு, 3 விழுக்காடு, முழுத் தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டி. வட்டி மட்டும் 21,600. நாளைக்கு 5 வெள்ளி என்றால் அந்த வட்டிக்கே ஏறக்குறைய 12 ஆண்டுகள் தேத்தண்ணியும் வடையும் சாப்பிடலாம். அந்தக் காரை வாங்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு சனிக்கிழமை காலை. மைத்துனர் அதே மாடல் வாங்கியிருந்தார், வேறு காரணம் இல்லை. கிள்ளானில் தங்கை மகள் கல்யாணத்துக்கு மண்டபம், மேடை அலங்காரம், காணொளிக்காரர் என்று போன பணத்தை யாரும் செயலியில் எழுதவில்லை. எழுதினால் சண்டை வரும். நிதானித்துச் செலவு செய் என்பது நல்ல புத்திதான். ஆனால் நிதானம் தேவைப்படுவது இந்த இடங்களில். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, வடையின் முன்னால் தியானம் பண்ணுகிறோம்.

அந்தக் கூட்டத்தில் வள்ளுவரும் வந்தார். வராமல் இருப்பாரா? வருவாய் சிறிதானாலும் செலவு அதற்கு மேல் விரியாதிருந்தால் கேடில்லை என்று சொல்லும் குறள், வலியறிதல் அதிகாரத்தில் இருப்பது. அது அரசியல் இயலில், ஆள்பவனுக்குச் சொன்னது என்பதை விடுங்கள், நமக்கும் பொருந்தும். ஆனால் அதே பொருட்பாலில் 101-ஆம் அதிகாரம் ஒன்று இருக்கிறது, நன்றியில் செல்வம். சேர்த்து வைத்துத் தானும் துய்க்காமல் அடுத்தவருக்கும் ஆகாமல் போகிற செல்வத்தைப் பற்றிப் பத்துக் குறள், பத்திலும் கோபம். சிக்கனப் பேச்சாளர் எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை.

பிறகு துன் சம்பந்தன் வந்தார். மண்டபத்துக்கு வெளியே ஓடும் சாலைக்கே அவர் பெயர் என்பதால் சுலபம். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கச் சொன்னார். பால்மரம் வெட்டியவர்கள் கட்டினார்கள். "நம்ம தாத்தா பாட்டி வயித்தக் கட்டிச் சேத்தாங்க" என்று பேச்சாளர் உருகினார். அவர்கள் எதற்காகச் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தான். வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தோட்டத்தைத் தாங்களே வாங்கிவிடலாம் என்று சேர்ந்து சேமித்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நாற்பத்தைந்தில் தப்பித்துப் போவதற்காக அல்ல.

மைக்காவை அவர் சொல்லவேயில்லை. 1980-களில் பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் நகையை வைத்தும் கடன் வாங்கியும் மைக்கா ஹோல்டிங்ஸில் போட்ட தொகை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 1 ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்கை, கால் நூற்றாண்டு கழித்து 2010-ல் 80 காசுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தச் சமூகத்தின் பணம் தேத்தண்ணிக் கடையில் கரைந்ததாகச் சொல்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் படிக்கலாம்.

என் அப்பாவும் ரயில்வேதான். ஜாலான் ரோசாரியோப் பக்கம் இருந்த, இப்போது இடித்துவிட்ட, நூறு குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். அப்பா சிக்கனமானவர். சவர்க்காரத் துண்டுகளை ஒட்டிப் பயன்படுத்துவார். ஆனால் பென்ஷன் நாளில் முடிவெட்டிக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்து, யார் வந்தாலும் வாங்கிக் கொடுப்பார். அவரால் முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை என்று யோசித்தேன். அவருக்குப் பணம் மாதாமாதம் வந்தது. எனக்கும் என் தலைமுறைக்கும் சேமநிதியோ வி.எஸ்.எஸ். தொகையோ ஒரேயடியாக வருகிறது. பெரிய பானையில் தண்ணீர்; ஒவ்வொரு குவளையும் அதிலிருந்து குறைகிறது. சம்பள நாள் இல்லாத வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் மாதக் கடைசிதான்.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்குச் சொன்னார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது. அமெரிக்கப் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்துப் போட்டது, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்தால் போதும், குவளைக்குக் குவளை எண்ண வேண்டாம். நான் செய்தது அதைவிட எளிது. ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 2,400 ரிங்கிட் தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வைத்தேன். எனக்கு நானே சம்பளம். செயலியை அழித்துவிட்டேன். கார் விற்றாகிவிட்டது, மனைவியுடையதே போதும். 25-ஆம் தேதி முடிவெட்டிக்கொள்கிறேன், அப்பாவைப் போலவே. வெட்ட முடி குறைவு.

சர்க்கரை வியாதி பற்றிச் சிலர் எழுதுவீர்கள், தெரியும். எனக்கும் இருக்கிறது. தே ஓ கொசோங்தான் குடிக்கிறேன். வடையில் பாதி.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடப் பெரியது. இதெல்லாம் வசதி உள்ளவன் பேச்சு என்பது. ஒப்புக்கொள்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்தது 145 பில்லியன் ரிங்கிட். சேமநிதி வாரியம் இப்போது போதுமான சேமிப்பு என்று சொல்வது 650,000. இருபது ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 2,700 சொச்சம். அந்தத் தொகையைக் கனவிலும் காணாதவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். எங்கள் அடுக்குமாடியில் இரவுக் காவலுக்கு நிற்பவருக்கு அறுபத்தாறு வயது, முன்பு தோட்டத்தில் இருந்தவர். அவரிடம் போய் வடையைக் குறையுங்கள் ஐயா என்று அந்த ஸ்லைடைக் காட்ட முடியுமா? அவருடைய சம்பளத்தைப் பேசாமல் அவருடைய தேத்தண்ணியைப் பேசுவது அயோக்கியத்தனம். வசதி உள்ளவனுக்கு அந்த அறிவுரை தனிமையைக் கொடுக்கிறது, இல்லாதவனுக்கு அவமானத்தைக் கொடுக்கிறது. இரண்டு பேருக்கும் பணத்தைக் கொடுப்பதில்லை.

எபிக்யூரஸ் என்ற கிரேக்கரைச் சுகவாசி என்று உலகம் இன்றும் ஏசுகிறது. அவர் ரொட்டியும் தண்ணீருமாக இருந்த ஆள். விருந்து வேண்டும் என்று தோன்றும்போது சாப்பிட ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி கேட்டு எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. கேட்டது ஒரு நண்பரிடம்.

கூட்டம் முடிந்ததும் எனக்கு முன்னால் இருந்த அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது இருபத்தாறு, கணக்காய்வு நிறுவனத்தில் வேலை, கவிதை எழுதுவாராம். "அங்கிள், நான் ஒரு வருஷமா ஃப்ரெண்ட்ஸோட வெளியவே போறதில்ல, மாசம் 400 மிச்சம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எனக்கு நன்றாகத் தெரியும். ரயில்வே அண்ணன் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவருக்கு கிராப் வந்துவிட்டது.

அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணனுக்கு இப்போது செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை என் முறை. மனைவியின் காரில் காலை ஆறரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும், பதினொன்றரைக்கு அழைக்க வேண்டும். வரும் வழியில் கடையில் நிறுத்தச் சொல்வார். அவர் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு, அரைக் கிளாஸ்தான் குடிப்பார். காசு கொடுக்க என்னை விடுவதில்லை.