பாட்டு நம்முடையது, பெயர் யாருடையது?

நெற்குப்பைப் பக்கத்துத் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பறையடிப்பவர் பெயரைத் தேட வேண்டும்.

நகரத்து மேடையிலும் இதே கதைதான். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறியது. கானா, ராப், பறை சேர்ந்த அந்தக் குழுவினர் பிறகு தனித்தனியாகவும் வளர்ந்தார்கள். இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2024-ல் பழைய ஐயப்பன் பாடலுக்காக மிரட்டப்பட்டார். அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-ல் உலகைச் சுற்றியது. ஆனால் அவ்வாண்டு 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. அதை இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். மேடை பிரிந்தாலும் உறவு பேசியது.

கண்டனம் மட்டும் போதாது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டி பங்கை விட்டுத்தர முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. பாட்டுக் கட்டும் நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். அடுத்த நோட்டீஸில் பறைக் குழுவின் பெயரையும் அச்சிடச் சொல்லி நாமே கேட்போம்.