கல்யாணத்துக்காக ஊசியா?

நேற்று நெட்டப்பாக்கம் கடைத்தெருவில் என் பழைய மாணவி வழிமறித்தாள். "சார், தங்கச்சி கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறையணும். சீட்டு இல்லாமலே மவுன்ஜாரோ ஊசி வாங்கித் தரேங்கறாங்க. போட்டுக்கட்டுமா?" கல்யாணம் அடுத்த மாதம்.

2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த ஊசி அது. வாரம் ஒன்று. பசியை அடக்கும், சர்க்கரையையும் இறக்கும். பருமனும் சர்க்கரையும் சேர்ந்து வாட்டுபவருக்கு நல்ல மருந்துதான்; மறுக்கவில்லை. ஆனால் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, 4 வாரம் கழித்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் வாந்தியும் குமட்டலும் படுத்தும். பித்தப்பைக் கல், கணைய வீக்கம்கூட வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும்.

"முதலில் டாக்டரைப் பாரும்மா" என்றேன். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டால் திட்டாதீர்கள். திட்டினால் மறைத்துப் போட்டுக்கொள்வார்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.